ஊர்ச் சனசமூக நிலையத்தின் வழியே ஊர்க் காரியம்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றில் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கலியாணம் கட்டி வந்திருக்கலாம். மாற்றலாகி வந்து வாடகை வீடு எடுத்திருக்கலாம். தமிழகத்து முகாமிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ திரும்பியிருக்கலாம். பிறந்த ஊரிலேயே இப்போதுதான் பதினெட்டு வயதாகி, பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறியிருக்கலாம். ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, குப்பை எடுக்க ஆள் வருவதில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

பலர் தெரிந்த அரசியல்வாதி ஒருவரைத் தேடிப் போகிறார்கள். இளம் பிள்ளைகள் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். இரண்டிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அரசியல்வாதியிடம் போனால் உரிமை உதவியாக மாறிவிடுகிறது. முகநூலில் போட்டால் இரண்டு நாள் பேச்சோடு முடிகிறது. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சனசமூக நிலையம் இருக்கிறது. காலையில் பத்திரிகை பார்க்கவும் மாலையில் கரம் விளையாடவும் உள்ள இடம் என்றுதான் பலர் அதை நினைக்கிறார்கள். ஊரவர் தமக்கான உள்ளூராட்சி சபையோடு பேசுவதற்கான முறையான வழியும் அதுதான்.

வாயால் சொன்ன குறை சொன்னவரோடு போய்விடும். பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகி, பதிவேட்டில் ஏறி, கடிதமாகப் போன குறையைத் தட்டிக்கழிப்பது கடினம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போவது முழுக்க இந்த ஒரு விடயத்தைச் சுற்றித்தான்.

முதலில், எது எந்தச் சங்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் குழம்பும் இடம் இது. ஒரே ஊரில் சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம், கமக்காரர் அமைப்பு, கோயில் பரிபாலன சபை என்று பல இருக்கும். ஒரே ஆள் மூன்றில் தலைவராக இருப்பதும் உண்டு.

சனசமூக நிலையம் உள்ளூராட்சி சபையோடு தொடர்புடையது. பிரதேச சபையிலோ நகர சபையிலோ மாநகர சபையிலோ அது பதிவு பெற்றிருக்க வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் பிரதேச செயலகப் பக்கம் சேர்ந்தவை. அரசின் சிறிய கட்டுமான வேலைகளை ஒப்பந்தமாக எடுத்துச் செய்வதும் அவைதான். கமக்காரர் அமைப்புக் கமநல சேவை நிலையத்தோடு சேர்ந்தது. வயல் வாய்க்கால் பற்றிய குறையைச் சனசமூக நிலையத்தில் சொன்னால் கேட்பார்கள். ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம் வேறு.

யாழ் மாவட்டத்தில் மொத்தம் 17 உள்ளூராட்சி சபைகள்: யாழ்ப்பாணம் மாநகர சபை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி நகர சபைகள், அவற்றோடு 13 பிரதேச சபைகள். உங்கள் வீடு எந்தச் சபைக்குள், எந்த வட்டாரத்துக்குள் வருகிறது என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லையோரக் குடும்பங்கள் பல இதில் தவறான சபைக்கு எழுதி மாதக் கணக்கில் காத்திருக்கின்றன.

நிலையத்துக்குப் பதிவு இருக்கிறதா என்பதைச் சபையின் சமூக அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டால் தெரியும். கட்டடம் நிற்கும், பெயர்ப்பலகை மின்னும், ஆனால் பல வருடமாகப் பொதுக்கூட்டமே கூடியிருக்காது. அப்படியானால் முதல் வேலை அதை உயிர்ப்பிப்பது. பழைய நிர்வாகத்தினரைச் சந்தித்துப் பேசுங்கள், அந்த உத்தியோகத்தரையும் அழைத்து ஒரு பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். போட்டிக்கு இன்னொரு நிலையம் தொடங்குவது கடைசி வழியாக இருக்கட்டும்.

வாசிகசாலையில் போய் இருங்கள்

சில வாரங்கள் காலையிலோ பின்னேரமோ நிலையத்தின் வாசிகசாலையில் போய் இருந்தால் போதும். ஒரு பத்திரிகை நாலு பேரிடம் நாலு தாளாகப் பிரிந்திருக்கும். மரண அறிவித்தல் பக்கம் ஒருவரிடம், விளையாட்டுப் பக்கம் இன்னொருவரிடம். உங்கள் தாளை முடித்து அடுத்தவருக்குக் கொடுக்கும்போது கதை தொடங்கும். யாருடைய காணிக்குள்ளால் முன்பு வாய்க்கால் ஓடியது, எந்த மதகை எப்போது மூடினார்கள், எந்த வீதிக்கு ஏற்கனவே கடிதம் கொடுத்து என்ன ஆனது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அலுவலகக் கோப்புகளில் இந்த விபரங்கள் கிடைப்பது அரிது.

எங்கள் மண்ணில் பொதுக் காரியங்கள் பல வாசிப்பிலிருந்தே தொடங்கியிருக்கின்றன. யாழ்ப்பாணப் பொது நூலகமே 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுத்ததில் முளைத்ததுதான். 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரு தனி மனிதர் வீட்டில் தொடங்கிய வேலை அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது என்பதை ஊர் வாசிகசாலைக்குள் நுழையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

உறுப்பினர் ஆகுங்கள்

செயலாளரிடம் கேட்டு விண்ணப்பத்தை நிரப்பி, சந்தாவைக் கட்டி, பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். யாப்பின் பிரதி ஒன்றையும் கேளுங்கள். யார் உறுப்பினராகலாம், சந்தா நிலுவை இருந்தால் வாக்களிக்கலாமா, பொதுக்கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பன அதில் இருக்கும். புதிதாக வந்தவர் யாப்புக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். "படித்துத் தெரிந்துகொள்ளத்தான் அண்ணை" என்று சொல்லி வாங்கிவிடுங்கள்.

வருடாந்தப் பொதுக்கூட்டம்

வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஊர்க் காரியத்துக்கு ஒதுக்க முடியும் என்றால் இந்த நாளை ஒதுக்குங்கள். வழக்கமான ஒழுங்கு: இறைவணக்கம், அகவணக்கம், தலைமையுரை, சென்ற கூட்ட அறிக்கை வாசிப்பு, செயற்பாட்டு அறிக்கை, கணக்கறிக்கை, புதிய நிர்வாகத் தெரிவு, ஏனைய விடயங்கள். பலர் நிர்வாகத் தெரிவுக்கு மட்டும் வந்து போகிறார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியவை அதற்கு முன் வரும் சென்ற கூட்ட அறிக்கையும் கணக்கறிக்கையும்.

சென்ற கூட்ட அறிக்கையை வாசிக்கும்போது ஒரு தாளும் பேனையும் வைத்திருங்கள். தீர்மானம் எடுத்தது எது, அது என்ன ஆனது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு போங்கள். அறிக்கையை ஏற்றுக்கொள்ள முன்மொழிவும் வழிமொழிவும் கேட்பார்கள். அந்த இடத்தில்தான் கை உயர்த்த வேண்டும். "போன வருடம் சுடலை வீதி விளக்குகள் பற்றிச் சபைக்கு எழுதுவதாகத் தீர்மானித்தோமே, கடிதம் போனதா?" என்ற ஒரு கேள்வி போதும். குரலை உயர்த்தத் தேவையில்லை, யாரையும் குற்றம் சாட்டவும் தேவையில்லை. அந்தக் கேள்வியே அடுத்த வருட அறிக்கையில் பதிவாகிவிடும்.

கணக்கறிக்கையில் பார்க்க வேண்டியவை சில. வங்கிக் கணக்கு நிலையத்தின் பெயரில் இருக்க வேண்டும். இருவர் கையொப்பத்தில் பணம் எடுக்கும் ஒழுங்கும், அந்த இருவரில் ஒருவர் பொருளாளராக இருப்பதும் நல்லது. கணக்கைப் பார்த்த கணக்காய்வாளர் நிர்வாகசபைக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும். புலம்பெயர்ந்த ஊரவர் அனுப்பிய பணம் தனி வரியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விடயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் உள்ள எங்கள் ஊர்ச் சங்கங்கள் இல்லாவிட்டால் போருக்குப் பிறகு பல நிலையங்களுக்குக் கூரையே வந்திருக்காது. அந்தக் கடன் பெரியது. ஆனால் பணம் அனுப்புபவர்களின் வட்ஸ்அப் குழுவில் முடிவு எடுக்கப்பட்டு, ஊரில் இருப்பவர்கள் அதை நிறைவேற்றும் வேலையாட்களாக மாறும் நிலை சில இடங்களில் வந்துவிட்டது. ஊருக்குத் தேவை மதகு, கட்டப்படுவது வரவேற்பு வளைவு. இதற்கு மருந்து சண்டை அல்ல. ஊரின் தேவைகளைப் பொதுக்கூட்டத்தில் வரிசைப்படுத்தி, தீர்மானமாக்கி, அந்தப் பட்டியலை வெளிநாட்டுச் சங்கத்துக்கு அனுப்புங்கள். ஊர் முதலில் எழுதி அனுப்பிவிட்டால் கொடுக்கிறவர்களுக்கும் அது உதவி. அவர்களில் பெரும்பாலானோர் ஊரில் என்ன தேவை என்று தெரியாமல்தான் ஊகித்துச் செய்கிறார்கள்.

ஒரு குறையைத் தீர்மானமாக்கி முடிவு காணும் வரை

ஒழுங்கையில் வெள்ளம் நிற்பதை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

எழுதுவதற்கு முன் அந்த வீதி யாருடையது என்று கண்டுபிடியுங்கள். ஏ, பி தரப் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்கு. ஒழுங்கை சபையுடையதாக இருக்கும், வெள்ளம் ஓடிச் சேரவேண்டிய வாய்க்கால் பெருவீதியின் ஓரத்தில் அதிகார சபையின் பொறுப்பில் இருக்கும். அப்போது இரண்டு கடிதம் வேண்டும். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் நேரில் கேட்டால் வீதிப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார். தெருவிளக்குப் பொறுத்தவரை கம்பமும் மின்கம்பியும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துடையவை, விளக்கு உள்ளூராட்சி சபையின் வேலை. கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். "எங்கட வீட்டுக்கு முன்னால உள்ள போஸ்ற்" என்றால் அலுவலகத்தில் யாருக்கும் விளங்காது. நுளம்பும் கழிவுநீரும் பற்றியது என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுத வேண்டும்.

அடுத்தது விபரம் சேகரிப்பது. எத்தனை வீடு, எத்தனை மாணவர், நடக்க முடியாத முதியவர் எத்தனை பேர், தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது. இரண்டு இளைஞர்கள் ஒரு பின்னேரத்தில் வீடுவீடாகப் போய் எடுத்துவிடலாம். மாரியில் படம் எடுக்கும்போது வெள்ளத்தின் ஆழம் தெரியும்படி ஒரு மதிலோ வேலிக்கதியாலோ படத்தில் வரட்டும்.

பிறகு நிர்வாகசபைக் கூட்டத்திலோ பொதுக்கூட்டத்திலோ தீர்மானம். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அதன்பின் கடிதம், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். மாதிரிக்கு இப்படி இருக்கலாம்:

"எமது நிலையத்தின் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றப்பட்ட 4ஆம் இலக்கத் தீர்மானத்துக்கு அமைய இதனைச் சமர்ப்பிக்கிறோம். வாசிகசாலைச் சந்தியிலிருந்து கிழக்கே செல்லும் ஒழுங்கையில் ஏறத்தாழ 120 மீற்றர் தூரத்தில் உள்ள மதகு மண் மூடித் தூர்ந்துள்ளது. இதனால் மாரியில் 23 குடும்பங்கள் பாதிக்கப்படுகின்றன. இவற்றில் 14 பாடசாலை மாணவர்கள் உள்ளனர். மழை தொடங்குமுன் மதகைத் துப்புரவு செய்து தருமாறும், அடுத்த ஆண்டுப் பாதீட்டில் மீளக் கட்டுவதற்கு நிதி ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். வெட்டி எடுக்கும் மண்ணை அகற்றுவதற்குச் சிரமதானமாக உதவ எமது உறுப்பினர்கள் தயார்."

கடைசி வசனத்தைக் கவனியுங்கள். ஊரவர் தாமும் கை கொடுக்கத் தயார் என்று சொல்லும்போது உத்தியோகத்தர்களின் அணுகுமுறை மாறுவதைக் கண்டிருக்கிறேன். அதேநேரம் சபையின் கடமையை முழுதாக ஊரின் தோளில் ஏற்றிக்கொள்ளவும் கூடாது. மண்ணை நாங்கள் அள்ளலாம், கொங்கிறீற்று போடுவது வரிப்பணத்தில் நடக்க வேண்டும்.

கடிதத்தைச் சபையின் தவிசாளருக்கு முகவரியிட்டு, சபைச் செயலாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் பிரதி இடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால். நிலையத்தில் ஒரு கோப்பைத் திறந்து பிரதியை அதில் போடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள். இந்தக் கோப்புத்தான் நிலையத்தின் உண்மையான சொத்து.

2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கும் மேலாகத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். உறுப்பினரின் தொலைபேசி இலக்கத்தை மட்டும் நம்பியிருந்த ஊர்களுக்கு அப்போது பேச ஆள் இல்லை. கடிதம் எழுதிப் பழகிய நிலையங்களுக்கு அந்த வழி அப்போதும் திறந்திருந்தது.

எப்போது எழுதுவது

சபைகளின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டுக்கான பாதீடு வருடக் கடைசிக்குள் நிறைவேற வேண்டும். எங்கள் மாரி மழையும் ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில்தான் கொட்டுகிறது. வெள்ளத்தைக் கண்டு நவம்பரில் மனு எழுதினால் பாதீட்டு வேலை முடியும் கட்டத்தில் இருக்கும், உங்கள் மதகு இன்னொரு வருடம் காத்திருக்கும். ஆகவே இந்த மாரியில் எடுத்த படங்களைப் பத்திரப்படுத்தி, அடுத்த வருடம் ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். பாதீட்டுக்கு முன் பொதுமக்களின் முன்மொழிவுகளைக் கேட்கும் சபைகளும் உண்டு. அறிவித்தல் பலகையையும் பத்திரிகையையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

சபையின் மாதாந்தக் கூட்டத்தைப் பார்வையாளராக இருந்து பார்க்கச் செயலாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் கடிதம் சபையில் எடுக்கப்படும் நாளில் நிலையத்திலிருந்து நான்கு பேர் அமைதியாகப் பின்வரிசையில் இருந்தாலே வித்தியாசம் தெரியும்.

பதில் வராவிட்டால்: தகவலறியும் உரிமை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு சபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்டதைத் தருவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

விண்ணப்பத்தில் "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல. ஆவணத்தைக் கேளுங்கள்: குறித்த ஆண்டில் உங்கள் வட்டாரத்தின் வீதித் திருத்தத்துக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, வேலையின் மதிப்பீட்டுப் பிரதி, ஒப்பந்தகாரரின் பெயர். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. கொழும்பிலுள்ள திணைக்களம் சிங்களத்தில் பதில் அனுப்பினால் தமிழில் தரும்படி திருப்பி எழுதுங்கள். அது சலுகை கேட்பதல்ல.

இந்தச் சட்டத்தை முதல் கடிதத்திலேயே எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உத்தியோகத்தர்களில் வேலை செய்ய விரும்புபவர்கள் நிறைய. ஆளும் வாகனமும் போதாமல் திணறுகிறார்கள். கடிதம், நினைவூட்டல், நேரில் சந்திப்பு மூன்றும் பலிக்காத இடத்தில் இதைப் பயன்படுத்துங்கள்.

யார் கதிரையில் இல்லை என்று பாருங்கள்

பெண்கள் வாசிகசாலைப் பக்கம் வருவது குறைவு. பல நிர்வாகசபைகளில் ஒருவர் இருவர்தான். 2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊர் நிலையம் அதற்குப் பின்னால் நிற்பது சரியல்ல. யாப்பில் அதே அளவை எழுத ஒரு திருத்தத்தை முன்மொழியலாம். அதைவிட விரைவான மாற்றம் கூட்ட நேரம். இரவு ஏழு மணிக்கு வைக்கும் கூட்டத்தை ஞாயிறு பின்னேரம் மூன்றரைக்கு மாற்றி, பக்கத்து முன்பள்ளி அறையைப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். குடிதண்ணீர், சந்தி விளக்கு, பஸ் நேரம் பற்றி யாருக்கு அதிகம் தெரியும் என்பது அன்றே விளங்கும்.

இன்னொன்று, சாதி. சில ஊர்களில் ஒரே கிராம அலுவலர் பிரிவுக்குள் மூன்று நாலு நிலையங்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதை எழுதாமல் விட்டால் இந்த வழிகாட்டி பொய்யாகிவிடும். ஒரு நிலையத்தின் வாசலில் உங்களுக்கு வரவேற்பு இல்லை என்று உணர்ந்தால் அது உங்கள் குறை அல்ல. பொது நிதியும் பொதுப் பதிவும் பெறும் நிலையம் அந்தப் பகுதியில் குடியிருக்கும் எவரையும் பிறப்பைக் காரணம் காட்டி விலக்குவதற்கு நியாயமே இல்லை. எழுத்தில் விண்ணப்பித்து, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள், பிரதியைச் சபைக்கு அனுப்புங்கள். நிலையங்களுக்கு இடையில் ஒற்றுமை வளர நல்ல வழி பொதுவான ஒரு வீதி, பொதுவான ஒரு வாய்க்கால். இரண்டு நிலையங்களின் முத்திரை ஒரே கடிதத்தில் விழும்போது "அது அவர்களின் பிரச்சினை" என்று எவரும் ஒதுக்க முடியாது. பிரதேச மட்டத்தில் நிலையங்களின் கூட்டமைப்பான சமாசம் இயங்கினால் அங்கேயும் இதை எடுக்கலாம்.

தேர்தல் காலம்

நிலையத்தின் உறுப்பினர்கள் எந்தக் கட்சியிலும் இருக்கலாம், நிலையம் எதிலும் இருக்கக் கூடாது. கட்டடத்தில் சுவரொட்டி ஒட்டவோ ஒருவருக்கு மட்டும் கூட்டம் வைக்கவோ இடம் கொடாதீர்கள். வட்டாரத்தில் போட்டியிடும் எல்லோரையும் ஒரே நாளில் அழைத்து, உங்கள் கோப்பிலுள்ள தீர்மானங்களை வாசித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சொல்லும் பதிலைப் பதிவேட்டில் எழுதுங்கள். வென்றவர் வந்து போகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைத் திறக்கலாம்.

பொறுப்பைக் கையளிக்கும்போது

இரண்டொரு வருடத்தில் உங்களையே செயலாளராகப் போடுவார்கள். எழுதத் தெரிந்தவரை ஊர் விடாது. பதவி முடியும் நாளில் கையளிக்க வேண்டியவை: அறிக்கைப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, கடிதக் கோப்பு, பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், பொருட்பதிவேடு, முத்திரை, சாவிகள், மின்கட்டணப் பற்றுச்சீட்டு, காணி உறுதியின் பிரதி. எல்லாவற்றையும் பட்டியலிட்டு இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். வங்கியில் கையொப்பக்காரரை மாற்றும் படிவத்தை அதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள். பதில் வராத கடிதங்கள் எவை என்று தனித் தாளில் எழுதிக் கோப்பின் மேல் வையுங்கள், புதிய செயலாளர் முதல் நாளே நினைவூட்டல் எழுதத் தொடங்கலாம்.